சால்வ் வெற்றி என்கிறது, ஆனால் ஒமேகா சென்டாரி நடுவில் வரவில்லை

மொட்டைமாடி_மதுரை:

வணக்கம். மூன்று, நான்கு சிக்கல்கள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. எதை முதலில் பிரிப்பது என்று தெரியவில்லை.

கருவிகள்: 130 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி, குவியத்தூரம் 650 மி.மீ., 0.9 மடங்கு கோமா கரெக்டர் (மூலை விண்மீன்களைச் சீராக்கும் லென்ஸ்), கேனான் 600டி கேமரா, எச்இக்யூ5 மவுண்ட் (தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார் தாங்கி). ஈக்யூடிர் கேபிளில் விண்டோஸ் லேப்டாப், மவுண்டை இயக்க ஆஸ்காம் ஈக்யூமாட் டிரைவர், படமெடுக்க நினா மென்பொருள், பிளேட் சால்விங்குக்கு (படத்திலுள்ள விண்மீன்களைத் தரவோடு ஒப்பிட்டுத் தொலைநோக்கி பார்க்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது) ஆஸ்டாப். நட்சத்திரத் தரவு டி05.

1. ஆறு தடவை படம் எடுத்தால் இரண்டு தடவையாவது சால்வ் ஆகாமல் போகிறது. எக்ஸ்போஷர் 2 விநாடி, ஐஎஸ்ஓ 800.

2. சால்வ் ஆனாலும் இலக்கை நெருங்கி வருவதில்லை. நினாவில் 'ஸ்லூ அண்ட் சென்டர்' (இலக்குக்குத் திருப்பி நடுவாக்கு) கொடுத்தபோது காட்டிய பிழைகள் வரிசையாக: முதலில் 5° 40′, பிறகு 14′, 9′, 17′, 11′. அனுமதித்த பிழை 1′ (ஒரு கலை, டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு).

3. ஒரு தடவை பிழை 0.7′ என்று வந்து வெற்றி என்றது. படத்தைப் பார்த்தால் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து நடுவிலிருந்து ஏறக்குறைய 700 பிக்சல் தள்ளி இருக்கிறது. ஸ்டெல்லேரியம் வான்வரைபட மென்பொருளில் பார்த்து நான் கொடுத்த எண் (ஆர்ஏ, டெக் என்பவை வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி): ஆர்ஏ 13 மணி 28 நிமிடம் 19 விநாடி, டெக் −47° 37′.

4. வடக்குப் பக்கம் பக்கத்து வீட்டு மூன்றாவது மாடி. துருவ விண்மீன் தெரியவே தெரியாது. போன் காம்பஸை வைத்துத்தான் மவுண்டைத் திருப்பி வைக்கிறேன். மேலே உள்ள எல்லாவற்றுக்கும் இதுதான் காரணமா?

விகலை:

நான்காவதிலிருந்து வருகிறேன். இல்லை, அது காரணம் இல்லை. துருவ ஒழுங்கு, அதாவது மவுண்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக வைப்பது, ஒரு டிகிரி தவறாக இருந்தாலும் பிளேட் சால்விங் இலக்கை நடுவுக்குக் கொண்டுவந்து விடும். ஒவ்வொரு சால்வுக்கும் பிறகு அந்த இடத்திலேயே சிங்க் செய்து (இப்போது பார்க்கும் இடம் இதுதான் என்று மவுண்டுக்குச் சொல்லி), மிச்சமுள்ள சின்னத் தூரத்தை மட்டும்தான் மவுண்ட் நகர்கிறது. அந்தச் சின்னத் தூரத்தில் துருவப் பிழையின் பங்கு மிகக் குறைவு. துருவ ஒழுங்கு கெட்டால் அடிபடுவது பிறகு எடுக்கும் நீண்ட எக்ஸ்போஷர்கள்.

நீங்கள் பிழைகளை வரிசையாக எழுதியது நல்லது, நோயே அதில்தான் தெரிகிறது. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு நடை உண்டு.

ஒவ்வொரு முயற்சியிலும் அதே அளவு, அதே திசையில் பிழை வந்தால் சிங்க் மவுண்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஓர் அச்சில் மட்டும் நாலைந்து கலை எப்போதும் குறைந்தால் பல்சக்கர இடைவெளி, அல்லது எடைச் சமநிலை. படத்தில் விண்மீன்கள் கோடாக இழுபட்டிருந்தால் மவுண்ட் நின்று அடங்குவதற்குள் ஷட்டர் திறந்துவிட்டது. உங்களுடையதைப் போல 14, 9, 17, 11 என்று தாளம் இல்லாமல் குதித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈக்யூமாட் சேர்த்து வைத்திருக்கும் பழைய ஒழுங்குப் புள்ளிகள்.

ஈக்யூமாட் அமைப்புப் பலகையை விரித்தால் அலைன்மென்ட் / சிங்க் பகுதியில் 'அப்பெண்ட் ஆன் சிங்க்', 'டயலாக் பேஸ்டு' என்று இரண்டு இருக்கும். உங்களிடம் முதலாவது இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நிலையில் நினா அனுப்பும் ஒவ்வொரு சிங்க்கும் ஒரு புதிய புள்ளியாகப் பட்டியலில் ஏறும். மூன்று புள்ளி சேர்ந்தால் ஈக்யூமாட் அவற்றை முக்கோணமாக்கித் தன் கணக்கில் திருத்தம் போடும். ஒரே இடத்தில் சில கலை இடைவெளியில் நான்கு புள்ளிகள் இருந்தால் அந்த முக்கோணம் ஊசி மாதிரி ஒடுங்கிப் போகும், திருத்தமும் தாறுமாறாகும். நினா ஒரு பக்கம் திருத்த, ஈக்யூமாட் இன்னொரு பக்கம் திருத்துகிறது.

செய்ய வேண்டியது: பட்டியலில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் அழியுங்கள். சேமித்த சிங்க் தரவையும் அழியுங்கள். 'டயலாக் பேஸ்டு' என்று மாற்றுங்கள். இனி ஒரு சிங்க் என்றால் ஒரே ஒரு ஆஃப்செட், அவ்வளவுதான். நினாவில் பிளேட் சால்விங் அமைப்பில் சிங்க் ஆன் நிலையில் இருக்கட்டும். மவுண்ட் அமைப்பில் ஸ்லூவுக்குப் பிந்தைய செட்டில் நேரம் 5 விநாடி கொடுங்கள். 1′ என்ற வரம்பு போதும், அதை இறுக்கிப் பயன் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் குதித்தால் ஃபோகஸர் பூட்டுத் திருகையும் இரண்டு கிளட்ச்சையும் கையால் ஆட்டிப் பாருங்கள். டிஎஸ்எல்ஆர் தொங்கும் ஃபோகஸர் திசைக்குத் திசை வேறு மாதிரி சாயும்.

அடுத்து மூன்றாவது கேள்வி. இது வேறு நோய். 0.7′ என்று மென்பொருள் சொன்னது உண்மை. நீங்கள் கொடுத்த எண்ணுக்கு அது துல்லியமாகப் போய் நின்றது, எண்தான் தவறு. ஒமேகா சென்டாரியின் ஜே2000 (2000ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்ட) இடம் ஆர்ஏ 13 மணி 26 நிமிடம் 47 விநாடி, டெக் −47° 29′. நீங்கள் எடுத்தது ஸ்டெல்லேரியம் 'இன்றைய நாளுக்கு' என்று காட்டும் வரி. அதற்கு மேலேயோ கீழேயோ ஜே2000 என்று இன்னொரு வரி இருக்கும். நினாவின் ஃப்ரேமிங் பக்கமும் சீக்வென்சரும் எதிர்பார்ப்பது ஜே2000.

பூமியின் அச்சு ஆண்டுக்கு 50.3 விகலை, அதாவது ஆர்க்செகண்ட், வீதம் மெல்ல அசைகிறது. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று கழிக்கிறார்களே, அதற்குப் பின்னால் இருப்பதும் இதே அசைவுதான். 2000க்குப் பிறகு இதுவரை சேர்ந்தது 21 கலைக்கு மேல். வானத்தின் எந்த இடம் என்பதைப் பொறுத்து ஆர்ஏவிலும் டெக்கிலும் அது பிரிந்து விழும். ஒமேகா சென்டாரி இருக்கும் இடத்தில் ஆர்ஏ ஏறக்குறைய 92 விநாடி கூடுகிறது, டெக் 8 கலை தெற்கே போகிறது. ஆர்ஏவின் 92 விநாடியை 15ஆல் பெருக்கினால் 23 கலை, அந்த டெக்கில் வானத்தில் அது 15.5 கலைக்குச் சுருங்கும். இரண்டையும் சேர்த்தால் 17.5 கலை. உங்கள் படத்தில் ஒரு பிக்சலுக்கு 1.52 விகலை என்று வைத்தால் 690 பிக்சல். நீங்கள் எழுதிய 700 அதுவேதான்.

எண்ணைக் கையால் தட்டச்சு செய்வதையே விட்டுவிடுங்கள். நினாவின் ஸ்கை அட்லஸில் என்ஜிசி 5139 (ஒமேகா சென்டாரியின் பட்டியல் எண்) என்று தேடி, அங்கிருந்தே ஃப்ரேமிங்குக்கு அனுப்புங்கள்.

ஆறங்குல_கண்ணாடி:

விகலை அண்ணன் 1.52 என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார், முதல் கேள்விக்கான விடையில் பாதி அதில் இருக்கிறது. நினாவில் குவியத்தூரம் எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்? 650 என்றால் தவறு. 0.9 கரெக்டர் போட்டதும் அது 585.

206.265 × பிக்சல் அளவு மைக்ரானில் ÷ குவியத்தூரம் மி.மீ.இல். 600டி-க்குப் பிக்சல் 4.3 மைக்ரான், படம் 5184 × 3456. 650 என்று போட்டால் பிக்சலுக்கு 1.36 விகலை, படத்தின் உயரம் 1.31 டிகிரி. 585 என்று போட்டால் 1.52 விகலை, உயரம் 1.46 டிகிரி. ஆஸ்டாப் கேட்பது இந்த உயரத்தைத்தான், அகலத்தை இல்லை. தனியாக ஆஸ்டாப்பில் கையால் கொடுக்கும்போது பலர் 2.18 என்று அகலத்தைப் போட்டுவிட்டுத் தவிப்பார்கள்.

பத்து சதவீதத் தவறுக்கு ஆஸ்டாப் பெரும்பாலும் சால்வ் செய்துவிட்டு, ஸ்கேல் சரியில்லை, குவியத்தூரத்தை இவ்வளவு என்று மாற்று என்று எச்சரிக்கை ஒன்றைக் கடைசியில் எழுதும். அதை யாரும் படிப்பதில்லை. விண்மீன் செழித்த பால்வழிப் பகுதியில் இந்தத் தவறு தெரியாது. கன்னி, சிம்மம் பக்கம் விண்மீன் குறைந்த வானத்துக்குப் போனால் அங்கேதான் தோல்வி வரும். உங்களுக்கு ஆறில் இரண்டு தோற்பது இப்படித்தானா என்று, தோற்ற படங்கள் எந்தத் திசையில் எடுத்தவை என்று பாருங்கள்.

காரணம் எளிது. ஆஸ்டாப் படத்தில் அருகருகே உள்ள நான்கு நான்கு விண்மீன்களாகச் சேர்த்து, அவற்றுக்கிடையே உள்ள ஆறு தூரங்களின் விகிதத்தை எடுத்துக்கொள்கிறது. தரவிலும் அதே மாதிரி நான்குகளை உருவாக்கி ஒப்பிடுகிறது. தரவிலிருந்து எத்தனை விண்மீனை எடுப்பது என்று முடிவு செய்வது நீங்கள் கொடுக்கும் பட உயரத்தை வைத்து. உயரம் தவறினால் அடர்த்தி பொருந்தாது, இரு பக்கமும் ஒரே நான்குகள் அமையாது.

டிஎஸ்எல்ஆருக்குப் பிக்சல் அளவு தானாக வராது, நினாவின் கேமரா அமைப்பில் 4.3 என்று நீங்களே எழுத வேண்டும். அதையும் பாருங்கள். டி05 தரவு உங்களுக்குப் போதும், 0.6 டிகிரியிலிருந்து 6 டிகிரி வரை அது தாங்கும். பெரிய டி80ஐ இறக்கி வைப்பதால் இந்த ட்யூபுக்கு லாபம் இல்லை.

கேமரா பக்கம்: 2 விநாடி, ஐஎஸ்ஓ 800 நகர வானத்துக்குக் குறைவு. 4 முதல் 6 விநாடி, ஐஎஸ்ஓ 1600 வையுங்கள். டவுன்சாம்பிள் 2 (படத்தைப் பாதியாகச் சுருக்குவது) என்று கொடுத்தால் சென்சார் மேலுள்ள பேயர் நிற வடிப்பானின் கட்டம் கலைந்து, ஹாட் பிக்சலை விண்மீன் என்று எண்ணுவதும் குறையும். தோற்ற படத்தைச் சேமித்து ஆஸ்டாப்பில் நேரடியாகத் திறந்து சால்வ் கொடுங்கள். எத்தனை விண்மீன் கண்டது என்று எழுதும். நூற்றுக்கு மேல் இருந்தும் தோற்றால் ஸ்கேல் அல்லது தேடும் இடம். இருபது முப்பதுதான் என்றால் ஃபோகஸ், பனி, மேகம், இவற்றில் ஒன்று. ஃபோகஸுக்கு பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸைச் சரிபார்க்க ட்யூப் முன்னால் வைக்கும் கீற்று மூடி) போடுங்கள். கண்ணளவில் சரி என்று விட்ட ஃபோகஸில் மங்கலான விண்மீன்கள் முழுக்கக் கரைந்துவிடும்.

கேனானுக்கு இன்னும் சில: டயல் எம் நிலையில், பதிவு ராவில். நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு அணைத்திருக்க வேண்டும். அது இயங்கினால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே நேரத்துக்கு ஒரு இருட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கும், நினா காத்துக் கிடக்கும். ஆட்டோ பவர் ஆஃப் அணையுங்கள். ஈஓஎஸ் யுட்டிலிட்டி பின்னால் தானே திறந்திருந்தால் கேமராவை அது பிடித்துவைத்துக்கொள்ளும், நினாவால் இணைக்க முடியாது. விண்டோஸ் பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். ஈக்யூடிர் கேபிளை எப்போதும் ஒரே யுஎஸ்பி துளையில் செருகுங்கள், துளை மாறினால் காம் போர்ட் எண்ணும் மாறிவிடும்.

காவலூர்ப்பக்கம்:

முதல் பிழை 5° 40′ என்கிறீர்களே, அதையும் விட்டுவிடக்கூடாது. நடுவுக்கு வந்துவிடும் என்பது சரி. ஆனால் தேடும் ஆரமான 30 டிகிரிக்கு மேல் பிழை போனால் ஆஸ்டாப் கைவிட்டுவிடும்.

ஈக்யூமாட் இடத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் தொடங்குகிறது. நேரம் லேப்டாப் கடிகாரத்திலிருந்து. கடிகாரம் ஒரு நிமிடம் தவறினால் ஆர்ஏவில் 15 கலை. நேர மண்டலமே கிரீன்விச்சில் இருந்தால் ஐந்தரை மணி நேரம், அதாவது 82.5 டிகிரி. தீர்க்கரேகையில் கிழக்கு என்பது மேற்கு என்று இருந்தால் மதுரைக்கு 156 டிகிரி. மாடியில் இணையம் இல்லாமல் பயன்படுத்தும் லேப்டாப்பின் கடிகாரத்தைத் தொடங்கும் முன் போனோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். எடைத்தண்டு கீழே, ட்யூப் துருவத்தை நோக்கி, இதுதான் ஹோம் நிலை. அப்படி வைத்துவிட்டு ஈக்யூமாட்டை இணைக்க வேண்டும்.

துருவ ஒழுங்குக்கு வடக்கு தெரிய வேண்டியதில்லை. நம் ஊர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. மதுரையில் துருவம் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. சென்னைக்கே 13, கன்னியாகுமரிக்கு 8. மரம், தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு எது வந்தாலும் மறைந்துவிடும். நினாவின் பிளகின் பட்டியலில் 'த்ரீ பாயிண்ட் போலார் அலைன்மென்ட்' என்று இருக்கிறது, நிறுவுங்கள்.

அது செய்வது இவ்வளவுதான். ஓரிடத்தில் படம் எடுத்து சால்வ் செய்கிறது. ஆர்ஏ அச்சை மட்டும் சுமார் 10 டிகிரி திருப்பி இன்னொன்று, மறுபடியும் திருப்பி மூன்றாவது. டெக் அசையவே கூடாது. மூன்று நடுப்புள்ளிகளும் வானத்தில் ஒரு வட்டத்தின் மேல் விழும். அந்த வட்டத்தின் மையம்தான் உங்கள் மவுண்டின் அச்சு பார்க்கும் இடம். உண்மையான துருவத்திலிருந்து அது உயரத்தில் எத்தனை, கிடையில் (இடவலமாக) எத்தனை கலை விலகியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, நீங்கள் திருகைத் திருப்பத் திருப்பப் புதுப் படம் எடுத்துப் பிழையைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

தெற்கில், உச்சிக்கோட்டுக்கு (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு) பக்கத்தில், 50 டிகிரிக்கு மேல் உயரத்தில் தொடங்குங்கள். முதலில் கிடைத் திருகு, அடுத்தது உயரத் திருகு. 10 கலைக்குள் வந்ததும் நிறுத்தி முழுதாக மறுபடி ஓட்டுங்கள். திருகுகளை இறுக்கும்போதே ஓரிரு கலை நகரும், கடைசி எண்ணை இறுக்கிய பிறகுதான் நம்ப வேண்டும். 5 கலைப் பிழைக்கு டெக்கில் அதிகபட்சம் நிமிடத்துக்கு 1.3 விகலை நகர்வு, உங்கள் கேமராவில் ஒரு பிக்சலுக்கும் குறைவு. கைடிங் (ஒரு விண்மீனைப் பார்த்து மவுண்டைத் தொடர்ந்து திருத்துவது) இல்லாமல் 60 விநாடிப் படத்துக்கு அதுவே போதும், ஆர்ஏ அச்சின் வார்ம் பல்சக்கரப் பிழை அதைவிடப் பெரிது.

தாழ்ந்த அட்சரேகையில் மவுண்டை நிறுத்தும்போது கவனம். 10 டிகிரியில் ஆர்ஏ அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடும். ஹோம் நிலையில் எடைத்தண்டு நேர் கீழே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து தொங்கும். டிரைபாடின் ஒரு கால் வடக்கே நீண்டிருந்தால் எடை அதில் இடிக்கும். ஒரு காலைத் தெற்கே வைத்து, இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள வெளி வடக்கே வருமாறு வையுங்கள். அப்போதும் இடித்தால் எடையைத் தண்டில் மேலே ஏற்றி இன்னொரு எடை சேர்க்க வேண்டும், அல்லது மவுண்டுக்குக் கீழே நீட்டிப்புக் குழாய் போட வேண்டும். மின்சாரம் கொடுக்கும் முன் கிளட்ச்சைத் தளர்த்தி ஒருமுறை கையால் முழுச் சுற்றும் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

ராஸ்பெர்ரி_வானம்:

விண்டோஸ் இல்லாதவர்களுக்காக ஒரு குறிப்பு மட்டும். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் கேஸ்டார்ஸ், ஈகோஸ், இண்டி மென்பொருள்களை வைத்தும் இதே வேலை நடக்கும். கேமரா ஜிஃபோட்டோ டிரைவரில் வரும். ஈகோஸின் அலைன் பக்கத்தில் 'ஸ்லூ டு டார்கெட்' தேர்ந்து, 'கேப்சர் அண்ட் சால்வ்' அழுத்தினால் வரம்புக்குள் வரும்வரை தானே திரும்பத் திரும்பச் செய்யும். அதன் சால்வ் செய்யும் பகுதியான ஸ்டெல்லார்சால்வருக்கு அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் இண்டெக்ஸ் கோப்புகள் வேண்டும். படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் முழு அகலம் வரை உள்ளவை தேவை. இந்த ட்யூப், இந்த கேமராவுக்கு அகலம் 131 கலை. எனவே 4205 முதல் 4211 வரை இறக்கினால் போதும். 4200, 4201 போன்ற சிறிய எண்கள் ஜிபி கணக்கில் இடத்தைத் தின்னும், அவை நீண்ட குவியத்தூரத்துக்கானவை.

மொட்டைமாடி_மதுரை:

எல்லோருக்கும் நன்றி. குவியத்தூரம் 650 என்றுதான் இருந்தது. 585 போட்ட பிறகு ஆஸ்டாப் தந்த ஸ்கேல் 1.50 விகலை, கணக்கிட்டால் 591 மி.மீ. அதையே எழுதிவிட்டேன். 5 விநாடி, ஐஎஸ்ஓ 1600இல் இருபது படத்தில் இருபதும் சால்வ் ஆனது. ஈக்யூமாட்டில் 37 பழைய புள்ளிகள் இருந்தன, அழித்தாகிவிட்டது. இப்போது வரிசை: 2° 10′, 3.1′, 0.4′. ஒமேகா சென்டாரி நடுவில்.

ஒன்று மட்டும் மிச்சம். இலக்கு உச்சிக்கோட்டைத் தாண்டி, மவுண்ட் ட்யூபை மறுபக்கத்துக்குப் புரட்டிய பிறகு இலக்கு அரை டிகிரிக்கு மேல் விலகிவிடுகிறது. அது ஏன்? 585 வராமல் 591 வருவது பரவாயில்லையா?

விகலை:

591 பரவாயில்லை. கரெக்டருக்கும் சென்சாருக்கும் இடையே 55 மி.மீ. இருக்க வேண்டும், அந்த இடைவெளி மாறினால் பெருக்கமும் சற்று மாறும். படத்தின் மூலைகளில் விண்மீன்கள் வட்டமாக இருந்தால் அப்படியே விடுங்கள். சால்வ் சொல்லும் எண் அளந்த எண், பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிட அதையே எடுத்துக்கொள்ளலாம்.

புரளும்போது விலகுவது கோன் பிழையால். ட்யூப் டெக் அச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக உட்காரவில்லை. மவுண்டின் ஒரு பக்கத்தில் அந்தச் சாய்வை சிங்க் விழுங்கிவிடுகிறது. மறுபக்கம் புரண்டதும் சாய்வு எதிர்த்திசைக்கு மாறுவதால் இரண்டு மடங்காகத் தெரிகிறது. கால் டிகிரி சாய்வு அரை டிகிரியாக வரும். டவ்டெயிலுக்கும் (ட்யூபை மவுண்டில் பொருத்தும் பட்டை) ட்யூப் வளையத்துக்கும் நடுவே மெல்லிய தகடு வைத்துத் திருத்தலாம். ஆனால் நீங்கள் செய்ய வேண்டியதில்லை, பிளேட் சால்விங் இருக்கும்போது அது வீண் உழைப்பு.

நினாவின் மெரிடியன் ஃப்ளிப் அமைப்பில் புரண்ட பின் மறுபடி நடுவாக்கும் தேர்வை ஆன் செய்யுங்கள். உச்சிக்கோட்டுக்குப் பின் 5 நிமிடம், செட்டில் 10 விநாடி என்று கொடுங்கள். சீக்வென்சில் மெரிடியன் ஃப்ளிப் டிரிக்கரைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அமைப்பில் எண் கொடுத்தால் மட்டும் நடக்காது. அதோடு 'சென்டர் ஆஃப்டர் ட்ரிஃப்ட்' டிரிக்கரையும் சேர்த்து 5 கலை என்று வைத்தால், கைடிங் இல்லாத உங்கள் அமைப்பில் மெல்ல நழுவும் இலக்கையும் அதுவே பிடித்து இழுத்துவரும்.

புரண்ட பிறகு படம் 180 டிகிரி தலைகீழாக வரும். அடுக்கும் மென்பொருள் அதைத் திருப்பிக்கொள்ளும். முதல் தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். டம்மி பேட்டரி வயரும் யுஎஸ்பி வயரும் ஃபோகஸரிலிருந்து நேரே தொங்கினால் புரளும்போது எடைத்தண்டில் சுற்றிக்கொள்ளும். 600டி-யின் மினி யுஎஸ்பி துளை அந்த இழுப்பைத் தாங்காது. இரண்டையும் டவ்டெயிலில் வெல்க்ரோவால் கட்டி, அங்கிருந்து ஒரு வளைவு தளர்வாக விட்டு மவுண்டின் தலை வழியாகக் கீழே இறக்குங்கள்.